சும்மா நிற்கிறவன்

ஹாய்ஃபோங் துறைமுகத்துக்குப் பின்னால்
கொய்யாவும் மிளகாய் உப்பும் விற்கிற வண்டிக்கு நேர் மேலே
மாடியில் இருபத்திரண்டு கணினிகள்.
பதினேழாவதில் இடைவெளிப் பொத்தான் சிக்கும்.
மணிக்கு ஆயிரம் டாங் குறைவு என்பதால்
அது என்னுடையது.

இரவு பத்துக்கு ஷிஃப்ட் முடியும்.
பத்தரைக்கு நான் ஓர் அரசி,
பத்து ஐம்பத்தைந்துக்குள் நாடிழந்தவள்.
ஆட்டத்தில் என் பெயர் நத்தை பத்தொன்பது.
மற்ற பதினெட்டு நத்தைகள் எங்கே இருக்கின்றனவோ.

பேருந்துச் சீட்டின் பின்புறம்
ஐந்தைந்தாய்க் கோடு போட்டு வைத்திருக்கிறேன்:
தோல்வி நாற்பத்தொன்று.
முதல் பத்தில்
யானை வருகிறது என்று தெரியுமுன்
யானை என் சமையலறையில் நின்றது.
அடுத்த பத்தில், வருவது தெரிந்தது.
அதுவும் முன்னேற்றம்தான் என்றான் தோவான்
நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே.
என்னைவிட மூன்று வாரம் சீனியர் அவன், தோற்பதில்.

தெரிந்துகொண்டது கொஞ்சம்.
ஆடுகளை ஒரேயடியாக வெட்டினால் அழுகும்.
அறுநூறு விறகு சேர்ந்ததென்று பூரித்துப்போகக் கூடாது,
அது கட்டாமல் விட்ட குதிரைலாயம்.
கண் திரையில் இருக்க
இடக்கை எண்களைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

அதுதான் புரியவில்லை.
பகலெல்லாம் இதே கை
பதினோரு நொடிக்கு ஓர் அடித்தோலாகப் பசை தடவுகிறது,
என்னைக் கேட்பதுகூட இல்லை.
இங்கே வந்ததும் ஏன்
பேந்தப் பேந்த விழிக்கிறது?

நாற்பத்திரண்டாவதைப் பதிவில் ஓடவிட்டேன்.
எதிரியைப் பார்க்காதே, உன்னைப் பார் என்றான் தோவான்.
கூசியது,
பதிவான சொந்தக் குரலைக் கேட்பதுபோல.

ஏழாவது நிமிடம்.
வடக்குக் காட்டோரம் ஒருவன்.
அவன் வெட்டிய மரம் தீர்ந்துவிட்டது.
கோடாரியைத் தோளில் சாய்த்து நிற்கிறான்.
எட்டு.
ஒன்பது.
தெற்கே ஊர் எரிகிறது.
பதினொன்று.
அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
யாரும் என்றால், நான்.

திரையின் மூலையில் ஓர் எண் உண்டு,
சும்மா நிற்பவர் எத்தனை பேர் என்று.
ஒரு மாதமாய் அதை
அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் வரிசைக்கு மேலும் ஒரு பலகை, சிவப்பு எண்கள்.
கழிப்பறைக்குப் போனால் ஏறும்.
மேற்பார்வைக்காரி த்ராம் முதலில் அதைப் பார்ப்பாள்,
பிறகுதான் எங்களை.
நான் தேறிவிட்டேன், இப்போது நானும் அப்படித்தான்.
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.
ஆட்டிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து சுரங்கத்துக்கு,
என் ஆட்கள் கைகழுவக்கூட நிற்பதில்லை.

நேற்று ஜெயித்தேன்.
இந்த முறை யானை என்னுடையது.
எதிரே யாரோ டா நாங்காரன்,
‘குருட்டு அதிர்ஷ்டம்’ என்று தட்டிவிட்டு
வணக்கம்கூடச் சொல்லாமல் போனான்.
தோவான் நாற்காலியோடு சுழன்று கத்தியதில்
கடைக்காரர் எலுமிச்சைத் தேநீர் ஒன்று
கணக்கில் எழுதாமல் கொடுத்தார்.

வென்றதையும் ஓடவிட்டுப் பார்த்தோம்.
பன்னிரண்டாம் நிமிடம்
மூலையில் பூஜ்யம் ஒன்றாகிறது.
ஆற்றோரம் ஒருவன், மீன் தீர்ந்துபோய்.
என் சுட்டி அவனிடம் போகிறது.
அவன்மேல் நிற்கிறது.
போய்விடுகிறது.
ஆட்டம் முடியும்வரை
அவன் அங்கேயே இருக்கிறான்,
ஈட்டியை ஊன்றி, தண்ணீரைப் பார்த்தபடி.

மறந்துட்டியா, என்றான் தோவான்.
ஆமாம், என்றேன்.

தண்ணீரை நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள்.
ஓரத்தில் சின்னதாய் நுரைகூட இருக்கிறது.